மாவட்டத்துல இருந்து 7 மணி செய்திக்கு ஸ்டோரி அனுப்புறது எப்படி

மாவட்டத்துல புதுசா ஸ்ட்ரிங்கரா, அதாவது ஸ்டோரிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற நிருபரா சேர்ந்த தம்பி தங்கச்சிங்க நெறைய பேரு என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், அண்ணே நான் அனுப்புறது எல்லாம் ஏன் திரைக்கு கீழ ஓடுற எழுத்துல, அந்த ஸ்க்ரோல்லயே முடிஞ்சு போவுது, 7 மணி செய்தில ஏன் வர மாட்டேங்குதுன்னு. நான் டெல்டால ஆறு வருஷம் மைக்கை தூக்கிகிட்டு ஓடுனவன், அதுக்கப்புறம் சென்னைல டெஸ்க்ல உக்காந்து மத்த மாவட்டத்துல இருந்து வர்றதை வாங்கி செய்தியாக்குனவன். அனுப்புற பக்கம் என்ன தப்பு நடக்குது, வாங்குற பக்கம் எதுக்காக ஒரு ஸ்டோரியை தள்ளி வைக்கிறாங்கன்னு ரெண்டுமே தெரியும், அதனால தெரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல நேரம். 7 மணி செய்தி 7 மணிக்கு தயாராகுறது கிடையாது. ரன்டவுன்னு ஒண்ணு இருக்கு, எந்த செய்திக்கு அப்புறம் எது, எதுக்கு எத்தனை விநாடின்னு போட்ட வரிசை, அது அஞ்சரை ஆறு மணிக்கெல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சிடும். அதுக்கு மேல உள்ள நுழையணும்னா பெரிய விபத்து, பெரிய தீர்ப்பு, பெரிய ராஜினாமா மாதிரி ஏதாவது இருந்தாத்தான் முடியும். அதனால பின்னாடி இருந்து கணக்கு போடுங்க. 7 மணிக்கு ஏர்ல போகணும்னா ஆறரைக்கு எடிட் முடியணும், அதுக்கு அஞ்சு மணிக்கு ஸ்கிரிப்ட் கையில இருக்கணும், நாலு மணிக்கு உங்க விஷுவல், அதாவது நீங்க எடுத்த வீடியோ, டெஸ்க்குக்கு வந்திருக்கணும், கிராமத்துல நெட் இழுக்குற வேகத்துக்கு ரெண்டு மணிக்கே அனுப்ப ஆரம்பிக்கணும், அப்படின்னா காலைல 10 மணிக்கு நீங்க ஸ்பாட்ல நிக்கணும். சேனலுக்கு சேனல் இது கொஞ்சம் மாறும், உங்க டெஸ்க்ல கேட்டு எழுதி வச்சுக்கங்க. மதியம் சாப்பிட்டுட்டு கிளம்பலாம்னு நெனச்ச அன்னைக்கே உங்க ஸ்டோரி ஸ்க்ரோலுக்கு போயிடுச்சு.

காலைல அசைன்மென்ட் டெஸ்க்குக்கு, அதாவது எந்த ஸ்டோரியை எடுக்கலாம்னு முடிவு பண்ற இடத்துக்கு, அன்னைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு டே பிளான் அனுப்புவீங்கல்ல, அதுலதான் பாதி பேரு கோட்டை விடுறாங்க. "மழையால் நெல் பாதிப்பு, விவசாயிகள் வேதனை"ன்னு ஒரு வரி அனுப்புறாங்க. இதே வரி அன்னைக்கு தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர்னு நாலு மாவட்டத்துல இருந்தும் வந்திருக்கும், டெஸ்க்ல இருக்குறவரு எதை எடுப்பாரு? ரெண்டு வரி எழுதுங்க, ஆனா அந்த ரெண்டு வரில இன்னைக்கு புதுசா என்ன, யாரு பேசுவாங்க, கண்ணுக்கு என்ன தெரியும், இந்த மூணும் இருக்கணும். "கொள்முதலுக்கு வச்சிருந்த நெல் மழைல நனைஞ்சு ஈரப்பதம் 17 சதவீதத்தை தாண்டிடுச்சு, ரோட்டுல கொட்டி காய வைக்கிறாங்க, ஒரு சில மூட்டைல முளை விட்டிருக்கு, மூணு விவசாயிங்க பைட் கிடைக்கும், அதிகாரிகிட்ட நேரம் கேட்டிருக்கேன்"னு அனுப்பிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு போன் வரும். பைட்னா கேமரா முன்னாடி ஒருத்தர் பேசுற பேச்சு.

இந்த நெல்லையே உதாரணமா வச்சு மீதியையும் சொல்றேன், எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயம் அதுதான். குறுவை அறுப்பும் வடகிழக்கு பருவமழையும் அக்டோபர்ல ஒண்ணா வந்து முட்டிக்கும், அதனால டெல்டா நிருபருக்கு இது வருஷா வருஷம் வர்ற ஸ்டோரி. அரசு கொள்முதல் பண்ற நெல்லுல 17 சதவீதம் வரைக்கும்தான் ஈரப்பதம் இருக்கலாம்னு விதி, மழை ஜாஸ்தியான வருஷம் தளர்த்த சொல்லி மாநில அரசு கேக்கும், மத்தியக் குழு வந்து நெல்லை எடுத்துட்டு போய் பாக்கும், 2022ல 19 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு தளர்த்துனாங்க. இந்த மாதிரி பின்னணி கையில இல்லாம ஸ்பாட்டுக்கு போனீங்கன்னா விவசாயி என்ன சொல்றாருன்னே உங்களுக்கு புரியாது, கேள்வியும் கேக்க தெரியாது. எந்த ஸ்டோரிக்கு போனாலும் வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படிச்சுட்டு போங்க.

ஸ்பாட்டுக்கு போனதும் கேமராவை தூக்காதீங்க. அஞ்சு நிமிஷம் சும்மா நடந்து பாருங்க, எங்க நெல்லு கிடக்கு, யாரு பேசுற மனநிலைல இருக்காங்க, வெயில் எந்தப் பக்கம்னு. அப்புறம் எடுங்க. போன்ல எடுக்குறதா இருந்தா படுக்க வச்சு பிடிங்க, நிக்க வச்சு எடுத்தா டிவில ரெண்டு பக்கமும் மங்கலா பட்டை போட்டுத்தான் காட்ட முடியும். செட்டிங்ஸ்ல 1080, 25 பிரேம் இருந்தா அதை வைங்க, நம்ம ஊரு டிவி ஓடுறது விநாடிக்கு 25 பிரேம்லதான். ஒவ்வொரு ஷாட்டையும் மனசுக்குள்ள பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் ஆட்டாம பிடிங்க, இடதுல இருந்து வலது, வலதுல இருந்து இடதுன்னு வீசாதீங்க, ஜூம் பண்ணாதீங்க, கிட்ட வேணும்னா நடந்து கிட்ட போங்க. ரோடு முழுக்க நெல் பரந்து கிடக்குறது ஒரு வைடு, அதுல ஒருத்தரு காலால கோடு கோடா இழுத்து கிளறிகிட்டே நடக்குறது ஒரு மிட், அந்த ஈர நெல்லு பாதத்துல ஒட்டியிருக்குறது ஒரு குளோஸ், ஈரப்பதம் பாக்குற மிஷின்ல நம்பர் தெரியுறது, மூட்டைத் தையலுக்கு நடுவுல பச்சையா முளை எட்டிப் பாக்குறது. இந்த அஞ்சு ஷாட் இருந்தா எடிட்டர் உங்களை கையெடுத்து கும்பிடுவாரு. ஷாட் ஓடும்போது நீங்க பேசாதீங்க, பக்கத்துல இருக்குற சக நிருபர்கிட்டயும் பேசாதீங்க. நெல்லை கிளறுற சரசரப்பு, தார்ப்பாயை இழுக்குற சத்தம், லாரி தாண்டிப் போற சத்தம், இதெல்லாம் செய்திக்கு உசுரு.

ஏன் சத்தத்தை பத்தி இவ்ளோ சொல்றேன்னா, சாயங்காலம் 7 மணிக்கு டிவி எல்லா வீட்டுலயும் ஓடும் ஆனா ஸ்கிரீனை பாத்துகிட்டு உக்காந்திருக்குறவங்க கம்மி. அம்மா அடுப்படில தோசை ஊத்திகிட்டு இருப்பாங்க, அப்பா அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து கை கால் கழுவிகிட்டு இருப்பாரு, புள்ளை ஹோம்வொர்க் எழுதும். காதுலதான் செய்தி போய் சேருது, காதுல ஏதாவது பிடிச்சு இழுத்தாத்தான் தலையை திருப்பி பாப்பாங்க. நான் டெஸ்க்குக்கு வந்த அப்புறம்தான் இதை முழுசா உணர்ந்தேன், அதுல இருந்து என் வேலையே மாறிடுச்சு. ஷாட் எடுக்கும்போதும் சரி, கேள்வி கேக்கும்போதும் சரி, ஸ்கிரிப்ட் எழுதும்போதும் சரி, அடுப்படில நிக்கிற அந்த அம்மாவுக்கு இது கேக்குமா, ஒரு தடவை கேட்டா புரியுமான்னு மட்டும் உங்களை நீங்களே கேட்டுக்கங்க.

பைட்டுக்கு வருவோம். மைக்கை ஒரு சாண் தூரத்துக்குள்ள பிடிங்க, லோகோ தெரியணும்னு தள்ளிப் பிடிக்காதீங்க. காத்து அடிச்சா அவரை சுவத்து ஓரமா நிக்க சொல்லுங்க, பக்கத்துல மோட்டார் ஓடுனா ரெண்டு நிமிஷம் நிறுத்த முடியுமான்னு கேளுங்க. வெளிச்சம் உங்க முதுகுக்கு பின்னாடி இருக்கணும், அவரு முகத்துல விழணும். ரெக்கார்ட் ஆன் பண்ணதும் மொதல்ல "உங்க பேரு, ஊரு சொல்லுங்கய்யா"ன்னு கேட்டு அதையும் ரெக்கார்ட்ல வாங்கிடுங்க, பேரை தப்பா போடுறது அவருக்கு நாம செய்யுற அவமரியாதை.

அப்புறம் கேள்வி. "ரொம்ப கஷ்டமா இருக்காம்மா"ன்னு கேக்காதீங்க. அதுக்கு "ஆமாங்க கஷ்டந்தான், அரசாங்கம் பாத்து ஏதாவது பண்ணணும்"னு ஒரே பதில்தான் வரும், அந்த பைட்டை தமிழ்நாட்டுல எந்த மாவட்டத்துக்கு வேணும்னாலும் போட்டுக்கலாம். நடந்ததை கேளுங்க. ராத்திரி மழை எத்தனை மணிக்கு வந்துச்சு, அப்ப நீங்க எங்க இருந்தீங்க, மொதல்ல என்ன பண்ணீங்க. ஒரு தடவை நான் இப்படித்தான் ஒரு வயசான அம்மாகிட்ட "காலைல வந்து மூட்டையை எப்படிம்மா பாத்தீங்க"ன்னு மட்டும் கேட்டேன். அவங்க பதில் சொல்லல, என் கையை பிடிச்சு இழுத்து மூட்டைக்குள்ள விட்டாங்க. உள்ள சூடு. நனைஞ்ச நெல் அப்படியே கட்டிக் கிடந்தா உள்ளுக்குள்ள வெந்நீர் மாதிரி சூடேறும், அதுக்கு அப்புறம்தான் முளை கட்டும். "பாத்தியாய்யா, காய்ச்சக்கார புள்ளை ஒடம்பு மாதிரி கொதிக்குது, இன்னும் ரெண்டு நாளு போச்சுன்னா மொளை கட்டிரும்"னாங்க. பன்னெண்டு விநாடி. அன்னைக்கு அந்த ஸ்டோரி அதுல இருந்துதான் ஆரம்பிச்சுது, ஆங்கர் லீடுக்கு, அதாவது ஆங்கர் வாசிக்கிற ஆரம்ப வரிக்கு முன்னாடியே அந்தக் குரல் போச்சு. அந்த அம்மா பேசுன பேச்சை யாரும் திருத்தல, திருத்தவும் கூடாது, "மொளை கட்டிரும்"ங்கிறதை கீழ எழுத்துல "முளைத்துவிடும்"னு போட்டா அதுல பாதி உசுரு போயிடும்.

ஒருத்தரை மறுபடியும் அழ சொல்லாதீங்க. பிரேம் சரியா வரல, இன்னொரு தடவை அந்த மூட்டையை கட்டிப் பிடிச்சு அழுங்கன்னு சொல்ற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், அது பாவம். கிடைச்சது கிடைச்சதுதான்.

அதிகாரி தரப்பு இல்லாம ஸ்டோரியை மூடாதீங்க. போன் எடுக்கலைன்னா எத்தனை மணிக்கு கூப்பிட்டீங்க, என்ன மெசேஜ் அனுப்புனீங்கன்னு டைரில எழுதி வைங்க, டெஸ்க்குக்கும் சொல்லுங்க. அவங்க பக்கத்துலயும் பல சமயம் நிஜமான காரணம் இருக்கும், சாக்கு வரல, லாரி வரல, குடோன்ல இடம் இல்லன்னு. அதை கேட்டா ஸ்டோரி கெட்டிதான் ஆகும்.

இப்ப ஸ்கிரிப்ட். டெஸ்க்ல இருந்தப்ப எனக்கு வந்த ஸ்கிரிப்ட்ல முக்கால்வாசி இப்படி இருக்கும்: "தொடர் மழையின் காரணமாக கொள்முதல் நிலையத்தில் விற்பனைக்காக குவித்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான நெல் மூட்டைகள் நனைந்து சேதமடைந்ததால் விவசாயிகள் பெரும் வேதனைக்குள்ளாகியுள்ளனர்." பேப்பர்ல படிச்சா பரவால்ல, கண்ணு திரும்பப் போய் பாத்துக்கும். காது திரும்பிப் போகாது, வினைச்சொல் வந்து சேர்றதுக்குள்ள மொதல்ல என்ன சொன்னாங்கன்னு மறந்துடும். இதையே உடைங்க: "விற்பதற்கு முன்பே நெல் முளைக்கத் தொடங்கிவிட்டது. திருவாரூர் மாவட்டத்தில் மூன்று நாளாக மழை. வாசலில் அடுக்கிய மூட்டைகளுக்குள் கை வைத்தால் சுடுகிறது." செய்தித் தமிழ்தான், கொச்சை இல்ல, ஆனா ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சுல முடியுது. தமிழ்ல விநாடிக்கு ரெண்டு வார்த்தைன்னு கணக்கு வச்சுக்கங்க, 30 விநாடி வாய்ஸ் ஓவர்னா, அதாவது விஷுவல் மேல ஓடுற குரல்னா, 60 வார்த்தை, அதுக்கு மேல எழுதுனா டெஸ்க்ல வெட்டுவாங்க, எதை வெட்டுவாங்கன்னு உங்க கையில இல்ல, அதனால நீங்களே வெட்டி அனுப்புங்க. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நம்பர் போதும். எழுதி முடிச்சதும் வாய்விட்டு படிங்க, மூச்சு முட்டுற இடத்துல முற்றுப்புள்ளி வைங்க, இதைவிட நல்ல எடிட்டிங் பாடம் எனக்கு யாரும் சொல்லித் தரல.

பேரும் ஊரும் தனி விஷயம். நம்ம எழுத்துல ஒரே "ப"தான், பானுவும் பாண்டியும் ஒரே "பா"ல ஆரம்பிச்சாலும் வாய்ல வேற வேற சத்தம். தெரிஞ்ச பேருன்னா பிரச்சனை இல்ல, தெரியாத வெளிநாட்டு பேரு, வடநாட்டு பேரு, சின்ன கிராமத்து பேருன்னா டெலிபிராம்ப்டர்ல மொத தடவையா பாக்குற ஆங்கர் என்ன பண்ணுவாங்க? ஸ்கிரிப்ட்டோட அந்த பேரை நீங்களே சொல்லி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பிடுங்க, அஞ்சு விநாடி வேலை. ஊருன்னா மாவட்டத்தையும் சேத்து எழுதுங்க, பாபநாசம் தஞ்சாவூர்லயும் இருக்கு திருநெல்வேலிலயும் இருக்கு, திருமங்கலம் மதுரைலயும் இருக்கு சென்னைலயும் இருக்கு. மேப்ல தப்பான இடத்துல சிவப்பு புள்ளி வந்தா அந்த ஊருக்காரங்க உங்களைத்தான் கூப்பிட்டு கேப்பாங்க.

நீங்களே குரல் குடுக்கணும்னா, இல்ல என்னைக்காவது ஆங்கர் சேர்ல உக்காரணும்னு ஆசை இருந்தா, பழைய செய்தி வாசிப்பை தேடிக் கேளுங்க. டெல்லில இருந்து ஆகாசவாணில வாசிச்ச சரோஜ் நாராயணசுவாமி, தூர்தர்ஷன்ல ஷோபனா ரவி, சன் டிவில நிர்மலா பெரியசாமி, மூணு பேரும் மூணு விதம், ஆனா மூணு பேருகிட்டயும் ல, ள, ழ மூணும் தனித்தனியா கேக்கும், வாக்கியத்தோட கடைசி சொல் தேயாது. தினமும் பத்து நிமிஷம் பேப்பரை சத்தமா படிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, ஒரு மாசத்துல வித்தியாசம் தெரியும்.

அனுப்புறதுல ஒரு ஒழுங்கு வேணும். மொதல்ல பைட், அடுத்து நல்ல ஷாட் ஆறு, அதுக்கப்புறம் மீதி எல்லாம். நெட் நடுவுல செத்துப் போனாலும் ஸ்டோரி கட்டுற அளவுக்கு டெஸ்க்ல இருக்கும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்புனா அது நசுக்கி அனுப்பும், டாக்குமெண்டா அனுப்புங்க, இல்ல பெரிய பைல் அனுப்ப உங்க சேனல் குடுத்திருக்குற எஃப்டிபில போடுங்க. பைலுக்கு தேதி, ஊரு, ஸ்டோரி பேருன்னு வைங்க. டெஸ்க்ல ஒரே நேரத்துல இருவது மாவட்டத்து பைல் வந்து குவிஞ்சு கிடக்கும், வெறும் நம்பரா இருந்தா உங்களோடது எதுன்னு தேடவே நேரம் போயிடும்.

அடுத்தவங்க எடுத்த வீடியோவை உங்க விஷுவல்னு அனுப்பாதீங்க, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். நான் டெஸ்க்ல இருந்த ஒரு மழைக்காலத்துல பக்கத்து மாவட்டத்துல இருந்து ஒரு வெள்ள வீடியோ வந்துச்சு, கார் மிதந்து போறது, அவசரத்துல எடுத்து ஓட்டிட்டோம். அரை மணி நேரத்துல அந்த ஊருக்காரரு ஒருத்தரு போன் பண்றாரு, சார் அந்த பாலத்தை இடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இது பழைய வீடியோன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அதை பாத்துட்டு எத்தனை குடும்பம் சொந்தக்காரங்களுக்கு பதறி போன் பண்ணிருக்கும். வாட்ஸ்அப்ல வந்த வீடியோன்னா எடுத்த ஆளை பிடிங்க, அதே இடத்துல இன்னொரு ஷாட் இருக்கான்னு கேளுங்க, பின்னாடி கடை போர்டு, போஸ்டர் என்ன சொல்லுதுன்னு பாருங்க, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க. உறுதியாகலைன்னா அனுப்பாதீங்க, இன்னொரு சேனல் முந்திகிட்டா முந்திட்டுப் போகட்டும்.

சட்டத்துல சிலது மனப்பாடமா இருக்கணும். குழந்தைங்க மேல நடந்த பாலியல் குற்றம்னா போக்சோ சட்டம் 23வது பிரிவு, பேரு, முகம், வீடு, ஸ்கூல், அக்கம்பக்கம், குடும்பம், எதை வச்சும் அடையாளம் தெரியக் கூடாது. முகத்தை மட்டும் மறைச்சுட்டு அப்பாவை தெருவுல நிக்க வச்சு பைட் எடுத்தா ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பெரியவங்க விஷயத்துல பழைய ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72வது பிரிவு இதையே சொல்லுது, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். தற்கொலைன்னா எப்படி செஞ்சாங்கன்னு விவரிக்காதீங்க, இடத்தை காட்டாதீங்க, 104, 14416 உதவி எண்களை ஸ்கிரிப்ட்டோட கடைசில நீங்களே எழுதி அனுப்புங்க. விபத்துன்னா வீட்டுக்கு தகவல் போயிடுச்சான்னு போலீஸ்ல கேட்டுட்டு பேரை போடுங்க. எலக்‌ஷன் நேரத்துல ஓட்டுப்பதிவு முடியுறதுக்கு முந்தின 48 மணி நேரத்துக்கு தனி விதி, அப்ப டெஸ்க்கை கேக்காம எதுவும் பண்ணாதீங்க.

அப்புறம் காசு வச்ச கவர். பிரஸ் மீட்ல தட்டுல வச்சு நீட்டுவாங்க, பெட்ரோல் செலவுக்கு வச்சுக்கங்க தம்பின்னு சொல்லுவாங்க. ஸ்டோரிக்கு இவ்வளவுன்னு வாங்குற ஸ்ட்ரிங்கருக்கு அந்தக் காசு எவ்ளோ பெருசுன்னு எனக்கு தெரியும், இருந்தாலும் வாங்காதீங்க. ஒரு தடவை வாங்குனா அடுத்த தடவை அவங்களை கேள்வி கேக்க வாய் வராது.

லைவ் குடுக்க சொன்னா பயப்படாதீங்க. ஆங்கர் கேள்வி முடிச்சு உங்க காதுக்கு வர ரெண்டு மூணு விநாடி ஆகும், அதுவரைக்கும் கேமராவை பாத்து அமைதியா நில்லுங்க. மூணே மூணு விஷயம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கங்க: இப்ப என்ன நடக்குது, ஏன் நடக்குது, அடுத்து என்ன. "அந்த வகையில்", "பார்க்க முடிகிறது" இது ரெண்டையும் விட்டுட்டு பேசிப் பழகுங்க, வார்த்தை தேடுற நேரத்துல நம்ம வாய் தானா அதைத்தான் பிடிச்சுக்கும், வார்த்தை வரலைன்னா ஒரு விநாடி நிறுத்துங்க, ஒண்ணும் ஆகாது.

அடுத்து என்னங்கிறது லைவுக்கு மட்டும் இல்ல, மொத்த 7 மணி செய்திக்கும்தான். சென்னைல தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15, சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14, அந்த காலத்துல எல்லாம் சாயங்காலம் டிவி போட்டாத்தான் நிறைய பேருக்கு அன்னைக்கு நடந்ததே தெரியும். இப்ப மதியமே போன்ல வந்துடுது. அதனால சாயங்கால ஸ்டோரில "மழை பெஞ்சுது"ன்னு மட்டும் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சதை திரும்ப சொல்றதுதான். நனைஞ்ச நெல்லை எடுப்பாங்களா, தளர்வு எப்ப வரும், அதுவரைக்கும் இந்த மூட்டையை எங்க வைக்கிறதுன்னு அந்த விவசாயி மனசுல ஓடுற கேள்விக்கு உங்களால முடிஞ்ச பதிலை தேடிக் குடுங்க.

ஸ்டோரி வரப்போகுதுன்னு உறுதியானதும் பேசுனவங்களுக்கு போன் பண்ணி சொல்லுங்க, எத்தனை மணிக்கு, எந்த சேனல்ல. அப்புறம் டைரில நாலு நாள் தள்ளி ஒரு தேதி குறிச்சு பக்கத்துல அவங்க நம்பரை எழுதுங்க. அந்த மூட்டைக்குள்ள என் கையை விட்ட அம்மாவுக்கு நான் நாலாம் நாள் கூப்பிட்டேன். "எடுத்துகிட்டாங்கய்யா, ஏழு சிப்பம் மட்டும் மொளைச்சுப் போச்சுன்னு கழிச்சுட்டாங்க, அதை மாட்டுக்கு வச்சிட்டேன்"னாங்க. வண்டியை எடுத்துட்டு போய் அந்த ஏழு மூட்டையையும் மாட்டையும் எடுத்துட்டு வந்தேன், அன்னைக்கு 7 மணி செய்தில அதுக்கு நாப்பது விநாடி கிடைச்சுது.